திரையில் வராத தோட்டவேலை

பிரிட்டனில் ஒளிபரப்பாகும் தோட்ட நிகழ்ச்சிகளில் புதர் மண்டிக் கிடக்கும் கொல்லை ஒன்று அரை மணி நேரத்துக்குள் பூத்துக் குலுங்கும் தோட்டமாகிவிடுகிறது. அதே நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, அதே வகை மண்வாரியும் அதே விதைப் பொட்டலங்களும் வாங்கிக்கொண்டு, உள்ளாட்சி மன்றத்திடம் வாடகைக்குப் பெற்ற துண்டு நிலத்தில் இறங்குகிறவருக்கோ மூன்று மாதம் உழைத்த பிறகும் களையும் கட்டிமண்ணுமே கண்ணில் படுகின்றன. கருவியும் விதையும் தட்பவெப்பமும் ஒன்றாகவே இருக்க, விளைவு மட்டும் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? திரையில் வருகிறவர் கைதேர்ந்தவர், நிலத்தில் இறங்கியவர் புதியவர் என்பது இதற்குப் பாதி விடைகூட ஆகாது. தோட்டவேலையின் பெரும்பகுதி மண்ணுக்கு அடியிலும், மெதுவாகவும், திரும்பத் திரும்பவும் நிகழும் செயல்களால் தீர்மானிக்கப்படுகிறது என்பதும், கேமராவோ மண்ணுக்கு மேலே, விரைவாக, ஒரே முறை நிகழ்வதை மட்டுமே காட்டவல்லது என்பதும்தான் மெய்யான விடை. தசைகளின் உடலியல், விதைகளின் உயிரியல், வெப்பத்தின் கணக்கு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

அலாட்மென்ட் என்று அங்கே வழங்கப்படும் ஒதுக்கீட்டு நிலம் என்பது, குடும்பத்துக்கு வேண்டிய காய்கனிகளை விளைவித்துக்கொள்வதற்காகச் சிறிய ஆண்டு வாடகைக்குத் தரப்படும் நிலத்துண்டு. மக்கள் கேட்குமிடத்தில் இத்தகைய நிலத்தை வழங்கும் கடமையை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளாட்சி மன்றங்களின் மீது 1908ஆம் ஆண்டுச் சட்டம் சுமத்தியது. அங்கே விளைவது பெரும்பாலும் பயிரிடுபவரின் குடும்பம் உண்பதற்காகவே இருக்க வேண்டும் என்று 1922ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. நிலத்தின் அளவு இன்றும் ராடு என்னும் பழைய அளவையில்தான் சொல்லப்படுகிறது. வழக்கமான பத்து ராடுத் துண்டு ஏறத்தாழ 250 சதுர மீட்டர், அதாவது தமிழ்நாட்டுக் கணக்கில் ஆறு சென்டுக்குச் சற்று மேல். இரண்டாம் உலகப் போரின்போது, வெற்றிக்காக மண்ணைத் தோண்டுங்கள் என்று அரசு நடத்திய இயக்கத்தின் விளைவாக இத்தகைய துண்டுகளின் எண்ணிக்கை சுமார் 14 லட்சமாக உயர்ந்தது. இன்று அது மூன்று லட்சத்துச் சொச்சமாகக் குறைந்துவிட்டாலும், பல ஊர்களில் நிலம் கேட்டுக் காத்திருப்போர் பட்டியல் நீளமாகவே இருக்கிறது.

தொலைக்காட்சியும் தொடக்கத்தில் இந்த உழைப்பிலிருந்து விலகி நிற்கவில்லை. 1955இல் பிபிசியில் தொடங்கிய 'கார்டனிங் கிளப்' நிகழ்ச்சியில் பெர்சி த்ரோவர் ஒரு பூங்காப் பணியாளருக்குரிய நிதானத்தோடு நாற்று நடுவதையும் கிளை வெட்டுவதையும் செய்து காட்டினார். 1968இல் தொடங்கி இன்றுவரை தொடரும் 'கார்டனர்ஸ் வேர்ல்ட்' பருவத்தையொட்டியே நடக்கிறது. மாற்றம் வந்தது, 1997 முதல் 2005 வரை ஒளிபரப்பான 'கிரவுண்ட் ஃபோர்ஸ்' போன்ற நிகழ்ச்சிகளோடுதான். வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கும் இரண்டு நாளுக்குள் ஒரு குழு வந்து கொல்லையைப் புதுத் தோட்டமாக்கிவிட்டுப் போவது அதன் அமைப்பு. முந்தைய நிகழ்ச்சிகள் ஒரு செயலை எப்படிச் செய்வது என்று கற்றுத் தந்தன. இதுவோ செயலை ஓரமாக வைத்துவிட்டு, முன்பிருந்த நிலைக்கும் பின்பு வந்த நிலைக்கும் உள்ள வேறுபாட்டையே காட்சிப்பொருளாக்கியது. இதில் பொய் எதுவுமில்லை, குழு உண்மையாகவே இரண்டு நாள் கடுமையாக உழைத்தது. ஆனால் அந்த இரண்டு நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள காலம் பார்வையாளரின் மனத்திலிருந்தே நீங்கிவிட்டது என்பதுதான் இழப்பு.

முதலில் தோண்டும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். பாதைக்கும் கொட்டகைக்கும் இடம் விட்டது போக 200 சதுர மீட்டரை ஒரு மண்வாரி ஆழத்துக்கு, அதாவது 25 சென்டிமீட்டருக்குத் தோண்டிப் புரட்டுவதாகக் கொண்டால் புரளும் மண்ணின் பருமன் 50 கன மீட்டர். ஈரமண் கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் எடையுள்ளது என்பதால் மொத்தம் 75 டன். ஒவ்வொரு முறையும் மண்வாரியில் ஐந்து கிலோ மண் ஏறுகிறது என்றால் 15,000 முறை குனிந்து நிமிர வேண்டும். ஆனால் 75 டன் மண்ணை 30 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்க இயற்பியல் கணக்குப்படி எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று பார்த்தால் விடை வியப்பளிக்கிறது: ஐம்பது கிலோ கலோரிக்குச் சற்று மேல், ஒரு வாழைப்பழம் தரும் ஆற்றலில் பாதி.

உடல் செலவிடும் ஆற்றலோ இதற்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. அதை அளக்க ஒரு வழி உண்டு. உணவு உடலில் எரிந்து ஆற்றலாவதற்கு ஆக்சிஜன் வேண்டும், ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறத்தாழ ஐந்து கிலோ கலோரி வெளிப்படும் என்பது தெரிந்த விகிதம். எனவே உழைப்பவர் வெளிவிடும் மூச்சை ஒரு பையில் சேகரித்து, அதில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் அவர் செலவிட்ட ஆற்றல் தெரிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு உடலியலாளர் சி. ஜி. டக்ளஸ் 1911இல் முதுகில் சுமந்து செல்லத்தக்க அத்தகைய பையை வடிவமைத்தார். அதன் பிறகு சுரங்கத்திலும் வயலிலும் வீட்டிலும் செய்யப்படும் வேலைகள் பல இம்முறையில் அளக்கப்பட்டன. அந்த அளவீடுகளின்படி, 70 கிலோ எடையுள்ள ஒருவர் மண்வாரியால் தோண்டும்போது மணிக்குச் சுமார் 350 கிலோ கலோரி செலவாகிறது. மணிக்குப் பத்துச் சதுர மீட்டர் என்ற வேகத்தில் அந்த நிலத்தைத் தோண்டி முடிக்க இருபது மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால் மொத்தச் செலவு 7,000 கிலோ கலோரி. சும்மா இருந்தாலே செலவாகும் 1,400ஐக் கழித்தாலும் 5,600 மிஞ்சும். மண்ணைத் தூக்கத் தேவைப்பட்டதைப் போல அது நூறு மடங்கு.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? தோண்டுபவர் தூக்குவது மண்ணை மட்டுமன்று என்பது முதல் காரணம். தலை, கைகள், நடுவுடல் ஆகியவை சேர்ந்து உடல் எடையில் மூன்றில் இரண்டு பங்காகும். எழுபது கிலோ மனிதர் ஒவ்வொரு முறை நிமிரும்போதும் ஐந்து கிலோ மண்ணோடு தம் உடலின் நாற்பத்தேழு கிலோவையும் சேர்த்தே உயர்த்துகிறார். அதோடு, தசை ஓர் இயந்திரம் என்று பார்த்தால் அதன் திறன் ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான், எஞ்சிய முக்கால் பங்கு வெப்பமாகிவிடுகிறது. இவ்விரண்டையும் கணக்கில் சேர்த்தால் 2,200 கிலோ கலோரிவரை விளக்கம் கிடைக்கிறது. மீதி, மண்ணைப் பிளப்பதற்கும் பிடித்து நிறுத்துவதற்கும் போகிறது. களிமண்ணின் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது என்பதால், துகள்களுக்கிடையே உள்ள நுண்ணிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்றும் மண்வாரியின் தகட்டோடும் இறுக்கி ஒட்டவைக்கிறது. அந்தப் பாரத்தை அசையாமல் தாங்கி நிற்கும் முதுகுத் தசை, இடப்பெயர்ச்சி இல்லாததால் இயற்பியலின் வரையறைப்படி எந்த வேலையும் செய்வதில்லை. ஆயினும் அதன் நார்கள் இழுவிசையைத் தக்கவைக்க இடைவிடாமல் ஆற்றலை எரித்துக்கொண்டே இருக்கின்றன.

தோண்டிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும் உடல்வலி தனியாகப் பேசத்தக்கது, ஏனெனில் அதைப் பற்றிப் பரவியுள்ள நம்பிக்கை தவறானது. தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் கடும் உழைப்பில் உயரும் லாக்டேட் அளவு ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது, வலியோ 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்தை அடைகிறது. சமதளத்தில் ஓடியவர்களையும் இறக்கத்தில் ஓடியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டேட் உயர்ந்தும் வலி வரவில்லை, இறக்கத்தில் ஓடியவர்களுக்கு லாக்டேட் அதிகம் உயராமலே வலி வந்தது. இறக்கத்தில் ஓடும்போது தொடைத்தசை, பாரத்தைத் தாங்கியபடியே நீள்கிறது. இவ்வகை நீள்சுருக்கம்தான் தசைநார்களில் நுண்ணிய சிதைவை உண்டாக்கி, அதைச் சீர்செய்யும் அழற்சியின் வழியாக வலியைத் தருகிறது. மண்ணைக் கொட்டிவிட்டு மெல்லக் குனியும் ஒவ்வொரு முறையும் முதுகும் தொடையும் செய்வது இதையே. பழகிய உடலில் இந்தச் சிதைவு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், முதல் நாளிலேயே முழு நிலத்தையும் தோண்ட முயல்வதைவிட வாரத்துக்குச் சிறிதாகத் தோண்டுவது அறிவியல்படியும் சரியானது.

இனி களைகள். தோண்டிச் சுத்தமாக்கிய பாத்தியில் இரண்டு வாரத்துக்குள் பச்சைப் படலம் போல் களை முளைப்பதைக் கண்டு புதியவர் மனம் சோர்ந்து, விதை காற்றில் பறந்து வந்து விழுந்திருக்கும் என்று எண்ணுவார். பெரும்பாலானவை அங்கேயே இருந்தவை. மண்ணுக்குள் உயிரோடு உறங்கும் விதைகளின் தொகுதியை மண்ணின் விதையிருப்பு எனலாம். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் வினிஃப்ரெட் பிரெஞ்ச்லியும் கேதரின் வாரிங்டனும் இதை அளந்த முறை பொறுமைக்கு இலக்கணம்: வயல்மண்ணை எடுத்துவந்து கண்ணாடிக் கூடத்தில் தட்டுகளில் பரப்பி, முளைத்தவற்றை எண்ணிப் பிடுங்கி, மண்ணைக் கிளறி, மறுபடி முளைத்தவற்றை எண்ணி, இப்படியே ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, 1930இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கான விதைகள் என்பது பயிர்நிலத்தில் இயல்பானது. களை பெருகிய நிலத்தில் அது பல பத்தாயிரங்களைத் தொடும்.

இவை எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்பதை அறிய அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். இருபத்தொரு வகைச் செடிகளின் விதைகளை வகைக்கு ஐம்பதாக மணலோடு கலந்து இருபது பாட்டில்களில் இட்டுப் புதைத்து, குறித்த இடைவெளிகளில் ஒவ்வொன்றாகத் தோண்டி முளைக்கவைத்துப் பார்ப்பது திட்டம். அவர் மறைந்த பிறகும் தலைமுறை தலைமுறையாகச் சோதனை தொடர, 142 ஆண்டுகளுக்குப் பிறகு 2021இல் எடுக்கப்பட்ட பாட்டிலில் வெர்பாஸ்கம் இனத்தைச் சேர்ந்த விதைகள் முளைத்தன. கடைசிப் பாட்டில் 2100இல் எடுக்கப்பட இருக்கிறது. 2021இல் அந்தப் பாட்டிலை விடியுமுன் இருட்டில்தான் தோண்டினார்கள். விதைகளின் மீது ஒளி பட்டுவிடக் கூடாது என்பதே காரணம்.

ஒளிக்கும் விதைக்கும் உள்ள இந்த உறவே தோண்டுதலின் மறுபக்கத்தை விளக்குகிறது. மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் 1952இல் லெட்டூஸ் கீரையின் விதைகளின் மீது சிவப்பு ஒளியையும், கண்ணுக்கு எட்டும் எல்லையில் உள்ள தொலைசிவப்பு ஒளியையும் மாறிமாறிப் பாய்ச்சியபோது, எத்தனை முறை மாற்றினாலும் கடைசியாகப் பட்டது சிவப்பு என்றால் விதைகள் முளைத்தன, தொலைசிவப்பு என்றால் பெரும்பாலானவை உறங்கின. விதைக்குள் இரு நிலைகளுக்கிடையே மாறும் ஒரு நிறமி இருக்க வேண்டும் என்று இதிலிருந்து ஊகித்தார்கள். பைட்டோகுரோம் எனப் பெயரிடப்பட்ட அந்த நிறமி பின்னர் பிரித்தெடுக்கவும்பட்டது. பகலொளி மண்ணுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம்வரையே ஊடுருவும். ஆகவே ஒளி என்பது, தான் மேற்பரப்புக்கு அருகில் இருப்பதாகவும் முளைத்தால் பிழைக்கலாம் என்றும் சிறுவிதை அறிந்துகொள்ளும் செய்தி.

வேல்ஸில் வெஸ்ஸன், வேரிங் ஆகிய இருவர் 1960களில் செய்த சோதனை இதை நிலத்திலேயே மெய்ப்பித்தது. புல்வெளியில் இரவு நேரத்தில் வெவ்வேறு ஆழங்களில் குழி தோண்டி, சிலவற்றைக் கண்ணாடியாலும் சிலவற்றை ஒளிபுகா மூடியாலும் மூடிவிட்டார்கள். கண்ணாடிக்குக் கீழே களைகள் முளைத்தன, இருட்டில் வைத்த குழிகளில் ஏறக்குறைய எதுவுமே முளைக்கவில்லை. மண்வாரி மண்ணைப் புரட்டும்போது ஆழத்தில் கிடந்த விதை ஒரு கணம் வெயிலைக் கண்டுவிட்டு மறுபடி புதைந்தாலும், சில இனங்களுக்கு அந்தக் கணமே போதும். முதல் உலகப் போரில் குண்டுகள் கிளறிப்போட்ட ஃபிளாண்டர்ஸ் நிலத்தில் செங்கசகசாப் பூக்கள் பரந்து மலர்ந்ததற்கு, கிளறப்பட்ட மண்ணில் விதையிருப்பு விழித்துக்கொண்டதும் ஒரு காரணம். ஆக, நிலத்தைச் சுத்தம் செய்யும் செயலே அடுத்த களைக்கூட்டத்தை எழுப்பும் செயலாகவும் இருக்கிறது. நிகழ்ச்சிக் குழு மூன்றாம் வாரத்தில் அங்கே இருப்பதில்லை என்பதால் திரையில் இது தெரிவதேயில்லை.

விதையால் பரவும் களைகளைவிடத் தொல்லையானவை தரையடித் தண்டாலும் வேராலும் பரவுபவை. தமிழகத்து உழவர் கோரையையும் அறுகையும் எப்படி அறிவாரோ, அப்படியே பிரிட்டானியத் தோட்டக்காரர் கவுச் புல்லையும் பைண்ட்வீட் கொடியையும் அறிவார். கவுச் புல்லின் தரையடித் தண்டில் கணுவுக்கு ஒரு மொட்டு உண்டு. தண்டின் நுனி உயிரோடிருக்கும்வரை அது மற்ற மொட்டுகளை உறங்கவைத்திருக்கும். நுனியாதிக்கம் எனப்படும் இந்தக் கட்டுப்பாடு தண்டு துண்டானதும் நீங்கிவிடுகிறது. எனவே சுழல்கத்தி உழவு இயந்திரத்தை ஓட்டியதும் பத்து நிமிடத்தில் பஞ்சுபோல் ஆகிவிடும் நிலம், திரையில் வெற்றியாகத் தோன்றினாலும், ஒரு செடியை நூறு செடிகளாகப் பெருக்கிய நிலமாக இருக்கக்கூடும். பைண்ட்வீட் கொடியைத் தோண்டி முழுமையாக எடுத்துவிட முடியாது, சில சென்டிமீட்டர் நீளமுள்ள வேர்த்துண்டே மறுபடி தளிர்க்கும். அதை வெல்லும் வழி அதன் சேமிப்பைக் கரைப்பது. புதிய தளிர் முதல் இரண்டு மூன்று வாரம் வேரில் உள்ள மாவுச்சத்தைத் தின்று வளர்கிறது, அதன் பிறகே இலைகள் தயாரிக்கும் உணவு வேருக்குத் திரும்பத் தொடங்குகிறது. செலவு முடிந்து வரவு தொடங்குமுன் தளிரைக் களைக்கொத்தால் வெட்டிக்கொண்டே இருந்தால், சில பருவங்களில் வேர் வற்றிப்போகும். ஒரே ஒரு முறை தவறவிட்டாலும் வேர் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளும்.

மூன்றாவது, வெப்பம். செடிகள் நாட்காட்டியைப் பார்த்து வளர்வதில்லை, சேர்ந்துவரும் வெப்பத்தைக் கொண்டே வளர்கின்றன என்பதை 1735இலேயே பிரெஞ்சு அறிஞர் ரியோமூர் கண்டார். இட்லி மாவு கோடையில் ஓரிரவில் பொங்கிவிடுவதும், அதே மாவு மார்கழிக் குளிரில் மறுநாள் நண்பகல்வரை காத்திருக்கவைப்பதும் எதனாலோ, அதே காரணம் செடிக்கும் பொருந்தும். ஒவ்வோர் இனத்துக்கும் அதற்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும் ஓர் அடிவெப்பநிலை உண்டு, மக்காச்சோளத்துக்கு அது 10 டிகிரி செல்சியஸ் என்று கொள்வது வழக்கம். நாளின் சராசரி வெப்பநிலை 14 டிகிரி என்றால் அன்றைய வரவு நான்கு வெப்பநாள் அலகு, 18 என்றால் எட்டு. நான்கு டிகிரி வேறுபாடு வளர்ச்சியின் வேகத்தை இரட்டிப்பாக்கிவிடுகிறது. பிரிட்டனின் வசந்தகாலச் சராசரி இந்த எல்லைக்கு மிக அருகிலேயே ஊசலாடுவதால், ஏப்ரலில் அவசரப்பட்டு இட்ட விதை மே மாதத்தில் இட்டதை முந்துவதில்லை, பல சமயம் மண்ணிலேயே அழுகிவிடுகிறது.

திரை இந்தக் காலத்தை இரண்டு வழிகளில் நீக்குகிறது. ஒன்று காலச்சுருக்கப் படப்பிடிப்பு: கால் மணிக்கு ஒரு படமாக எடுத்து நொடிக்கு 25 படமாக ஓட்டினால் ஒரு முழு நாள் நான்கு நொடிக்குள் கடந்துவிடும். 1910இல் பெர்சி ஸ்மித் இம்முறையில் மலர்கள் விரிவதைப் படமாக்கிக் காட்டினார். செடிகள் அசைபவை என்பதைக் கண்ணால் காணச் செய்த அந்த உத்தி அறிவியலுக்கு அருங்கொடை. மற்றொரு வழி, வேறிடத்தில் ஏற்கெனவே வளர்ந்துவிட்ட செடிகளைக் கொண்டுவந்து நடுவது. லண்டனில் மே மாதம் நடக்கும் செல்சி மலர்க்காட்சிக்காக நாற்றங்கால்கள் சில செடிகளைச் சூடேற்றிய கூடங்களில் முன்கூட்டியே பூக்கவைக்கின்றன, சிலவற்றைக் குளிரறைகளில் நிறுத்திவைத்துத் தாமதப்படுத்துகின்றன; வெவ்வேறு மாதங்களில் பூப்பவை ஒரே வாரத்தில் ஒன்றாகப் பூத்து நிற்பது இப்படித்தான். நாற்றங்காலில் பல பேர் பல மாதம் பார்த்த வேலையும் எரித்த எரிபொருளும் அங்கே நிற்கின்றன. தோட்டக்கலையில் அது ஒரு பெரிய திறமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒரு வாரம் நிற்க வேண்டிய காட்சி. அதை ஆண்டு முழுவதும் உணவு தர வேண்டிய நிலத்துக்கு அளவுகோலாக்குவதுதான் ஒதுக்கீட்டு நிலத்தில் இறங்குகிறவருக்கு நேரும் தீங்கு.

இவ்வளவையும் அறிந்த பிறகு, தோண்டாமலே இருந்துவிட்டால் என்ன என்ற கேள்வி எழுவது நியாயம். உழவே தேவையில்லை என்று அமெரிக்கரான எட்வர்ட் ஃபாக்னர் 1943இல் வாதிட்டார். தோண்டாத் தோட்டமுறையை இன்று பிரிட்டனில் பரவலாக்கியவர்களில் சார்லஸ் டவ்டிங் முதன்மையானவர். மண்ணைப் புரட்டாமல் மேலே ஐந்து சென்டிமீட்டர் மட்கிய எருவைப் பரப்பி அதிலேயே நடுவது இதன் சாரம். விதையிருப்புக்கு ஒளி எட்டாததால் களை குறைவது, மேலே கண்ட சோதனைகளின்படியே எதிர்பார்க்கத்தக்கது. முதுகுக்கும் பெரும் ஆறுதல். ஆனால் 200 சதுர மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் என்றால் பத்து கன மீட்டர் எரு. எண்பது லிட்டர் கொள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் அதை வாயிற்கதவிலிருந்து நிலம்வரை கொண்டுசேர்க்க 125 நடை நடக்க வேண்டும். மட்கும்போது கழிவின் பருமன் வெகுவாகச் சுருங்கிவிடுவதால், அவ்வளவு எருவையும் அந்த நிலத்துக் கழிவிலிருந்தே முதல் ஆண்டில் திரட்ட இயலாது, வெளியிலிருந்து விலைக்கு வாங்கியே ஆக வேண்டும்.

ஆகவே புதிதாக நிலம் பெறுகிறவருக்கு அனுபவசாலிகள் சொல்லும் யோசனை, முதல் ஆண்டில் கால் பங்கில் மட்டும் பயிரிட்டு, எஞ்சியதை ஒளிபுகா விரிப்பால் மூடிவைப்பது. இருட்டு, ஒளிக்காகக் காத்திருக்கும் விதைகளை உறங்கவைக்கிறது. முளைத்த தளிருக்கு இலை விரிக்க வழியில்லாமல் செய்து வேரின் சேமிப்பையும் கரைக்கிறது. ஒரு வளர்பருவம் முழுவதும் மூடியிருந்தால் கவுச் புல் பெரும்பாலும் நலிந்துவிடும். பைண்ட்வீட் அவ்வளவு எளிதில் மடிவதில்லை, விரிப்புக்கு அடியிலேயே வெண்ணிறத் தண்டுகளாக நீண்டு ஓரத்தைத் தேடி வெளியே வந்து தழைக்கும். அந்த ஓரங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது களைக்கொத்து இறங்கியாக வேண்டும்.